வார்க்காமல் விட்ட தண்ணீர்

அனலைதீவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து தங்காமல் போனால், இரண்டொரு நாளில் அந்த வீட்டுப் படலையடியில் இரஞ்சிதம் வந்து நிற்பாள். ஒருவரும் அவளுக்கு ஆள் விட்டிருக்கமாட்டார்கள். இடுப்பில் ஒரு கட்டு இலை இருக்கும், பாவட்டை, நொச்சி, ஆடாதோடை, வேம்பு என்று. கையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி.

"பிள்ளைப்பெத்தவள் எங்கை?" என்பாள்.

வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிடும். "பிள்ளை தப்பேல்லை அக்கா. உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே?"

"பிள்ளை இல்லை எண்டு தெரியும். பெத்தவள் இருக்கிறாள்தானே, அவளைத்தான் கேட்டனான். கிடாரத்தை எடுங்கோ, அடுப்பை மூட்டுங்கோ."

அவளைத் திருப்பி அனுப்பிய வீடு இல்லை. அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டு. அவள் படலையடியிலேயே குந்தியிருந்து வெற்றிலை போடத் தொடங்கிவிடுவாள். வெயில் ஏற ஏற வீட்டுக்காரருக்குத்தான் வெட்கம் பிடிக்கும், கூப்பிட்டுவிடுவார்கள். உள்ளே போனாலும் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் கீறுதல் ஒன்றும் சொல்லமாட்டாள். "அழுகை வந்தால் அழு. வராட்டில் சாப்பிடு." அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. தலை பாதி நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. இந்தப் பிடிவாதம் அவள் கூடப் பிறந்தது என்று ஊரில் சொல்லுவார்கள். அது பிழை. அவள் பேச்சு மூச்சில்லாமல் தூணோடு தூணாய் இருந்த காலம் ஒன்று உண்டு. அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலுக்கு முந்தின வருசம் அது.

இரஞ்சிதம் பிறந்தது சரவணையில். தாய் சின்ன வயதிலேயே செத்துப்போக, தமையன்மார்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். சீதனமாய்க் கொடுக்க வீடு இல்லாதபடியால் அவள் கடல் கடந்து அனலைதீவுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேண்டியதாய்ப் போயிற்று. மாப்பிள்ளை தியாகலிங்கம் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். நல்ல மனிசன், ஆனால் வாயைத் திறக்கிறதென்றால் வெற்றிலைக்குத்தான் திறப்பான். மகன் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுவதற்குத் தாய் பார்வதிப்பிள்ளை இருந்தாள். கை சுத்தமான மனிசி, வாய்தான் கொஞ்சம் முள்ளு.

மூத்தவள் ஞானசவுந்தரி பிறந்தபோது மருமகளுக்குத் தாய் இல்லாத குறையைப் பார்வதிப்பிள்ளைதான் தீர்த்து வைத்தாள். இலைகளைக் கிடாரத்தில் போட்டு நிறம் மாறும்வரை அவித்து, அந்த வேதுத்தண்ணியைத் தாங்கக்கூடிய சூட்டில் பின்னுக்கு நின்று இடுப்பிலும் முதுகிலும் அள்ளி அள்ளி வார்த்தாள். பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைக் கட்டினாள். நல்லெண்ணெயில் முட்டை பொரித்துக் கொடுத்தாள். மிளகும் சீரகமும் உள்ளியும் பட்டுப்போல அரைத்துச் சரக்குக்கறி காய்ச்சினாள். முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை இரஞ்சிதத்தைக் கிணற்றடிக்கும் விடவில்லை, குசினிக்கும் விடவில்லை. "படு. உன்ரை வேலை இப்ப படுக்கிறதுதான்" என்றாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்தது ஓர் ஆடி மாதத்தில். ஆண்பிள்ளை. பிறந்தது, அழவில்லை. மருத்துவிச்சி தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், பிறகு துணியால் மூடினாள். இரஞ்சிதம் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் தியாகலிங்கம் அந்தத் துணிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பனங்காணிப் பக்கம் போய்விட்டான்.

அடுத்த நாள் மருத்துவிச்சி, "இலை பிடுங்க ஆளை விடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் பார்வதிப்பிள்ளை. "பிள்ளை இல்லாத வீட்டிலை ஆருக்கு வேது? அதைச் செய்து அவளுக்கு நினைப்பூட்டக்கூடாது. அடுத்த பிள்ளைக்கும் ஆகாது. நடந்ததை மறந்திட்டு எழும்பட்டும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல அது. அந்தத் தீவில் எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். பால் கட்டிக்கொண்டபோது மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள், பாலும் வற்றிப்போனது. மூன்றாம் நாள் இரஞ்சிதம் எழும்பி முற்றம் கூட்டினாள். பார்த்தவர்கள், "கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டிட்டாள்" என்றார்கள்.

பெரிய ஆள் ஒருவர் செத்தால் சனம் வரும், கூடி அழும், அடுப்பு மூட்டாமல் அயலட்டையிலிருந்து சோறு வரும், எட்டுச் செய்வார்கள், அந்தியேட்டி செய்வார்கள். பிள்ளை உயிரோடு பிறந்தால் வேதும் சரக்கும் வரும். இரஞ்சிதத்துக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. அது செத்த வீடும் இல்லை, பிள்ளைப்பெத்த வீடும் இல்லை. வெறும் வீடு.

முதலில் அவளுக்கு நித்திரை போயிற்று. பிறகு ருசி போயிற்று. பிறகு பேச்சுக் குறைந்தது. அரிசியை உலையில் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்தாளென்றால் சோறு குழைந்து அடிப்பிடித்து மணக்கும்வரை அப்படியே இருப்பாள். இடுப்பு நோகுது என்பாள். எந்த இடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் நூல் கட்டினார்கள். ஐயனாருக்குப் பொங்கினார்கள். ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் அந்த டொக்டர், "நல்லாய்ச் சாப்பிடவேணும், நல்லாய் நித்திரை கொள்ளவேணும்" என்று சொல்லிச் சிவப்பாய் ஒரு மருந்துத்தண்ணி கொடுத்தார். சாப்பிடவும் நித்திரை கொள்ளவும் ஏலாமல்தானே அவள் அங்கே போனது!

ஒருநாள் கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு பேர் சவுந்தரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு வயதுப் பிள்ளை தனியாய் நடந்துபோய், வள்ளம் கட்டுகிற இடத்தில் முழங்கால் தண்ணிக்குள் நின்றிருக்கிறாள். பார்வதிப்பிள்ளை தலையில் அடித்துக் குழறினாள். இரஞ்சிதம் பிள்ளையையும் பார்த்தாள், வந்தவர்களையும் பார்த்தாள். "சோறு கொதிக்குது" என்றாள்.

அந்தக் கிழமையே தியாகலிங்கம் பிள்ளையை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்த் தமக்கை மீனலோசனியிடம் விட்டான். "கொஞ்ச நாளைக்கு" என்றான். மீனலோசனியின் புருசன் ஐயாத்துரை கந்தோரில் கிளாக்கர். கதிரையும் அலுமாரியும் கண்ணாடியும் உள்ள வீடு. பிள்ளை மட்டும் இல்லை. சவுந்தரிக்கு அவள் சட்டை தைத்துப் போட்டாள், றிபன் கட்டினாள், தன் பக்கத்தில் படுக்கவைத்தாள். கொஞ்ச நாள் என்றது பல மாதமாய்ப் போனது. அடுத்த வருசம் ஐப்பசியில் அவளிடமிருந்து செய்தி வந்தது: தை மாதம் பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம். சப்பாத்தும் வாங்கியாயிற்றாம்.

இரஞ்சிதத்துக்கு அது விளங்கியது. புத்தி மழுங்கியிருந்தாலும் அது நன்றாய் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பிள்ளை பிறகு வராது. லீவுக்கு வந்துபோகும் விருந்தாளியாய்ப் போய்விடும். எழும்பிப் போய்ச் சண்டை பிடிக்கவேண்டும் என்று நினைத்தாள். எழும்புகிறதுக்கு உடம்புக்குள் ஆள் இல்லை.

கார்த்திகை மழை தொடங்கிய கையோடு பக்கத்து வளவு நேசம்மாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இரஞ்சிதத்தை அந்த வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. படலையைச் சாத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பாவட்டைப் பற்றை நின்றது இவர்களுடைய வேலியோரம். நேசம்மாவின் தாய் வேலிக்கு மேலால், "எடி பிள்ளை, ரண்டு கொப்பு முறிச்சு எறி" என்று கேட்டாள். இரஞ்சிதம் முறித்து எறிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இலை அவிகிற மணம் வேலி கடந்து வந்தது. கசப்பும் பச்சையும் புகையுமாய் ஒரு மணம். பிறகு தண்ணீர் வார்க்கிற சத்தம். சளார் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நேசம்மா சூடு தாங்காமல் "ஆ! அம்மா! ஐயோ, சுடுது!" என்று கத்த, தாய் "பொறடி, பொறடி" என்று சிரிக்கிறாள்.

இரஞ்சிதம் வேலிக் கதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பு, எந்த இடம் என்று சொல்லத் தெரியாமல் இத்தனை நாளும் நொந்துகொண்டிருந்த இடுப்பு, ஒவ்வொரு சளாருக்கும் குறுகிக் குறுகி நிமிர்ந்தது.

திரும்பிக் குசினிக்குப் போனாள். பார்வதிப்பிள்ளை தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"மாமி, எனக்கு ஆரும் வார்க்கேல்லை" என்றாள்.

"என்னடி வார்க்கேல்லை?"

"வேது. எனக்கும் பிள்ளை பிறந்தது. எனக்கு வார்க்கேல்லை."

பார்வதிப்பிள்ளை திருவலையை விட்டு எழும்பினாள். "உனக்கென்ன விசரே? அது நடந்து எவ்வளவு காலம்? இப்ப வேது குளிச்சால் ஊர் சிரிக்காதோ?"

"சிரிக்கட்டும்."

"கிடாரத்தைத் தொடவிடமாட்டன், சொல்லிப்போட்டன்."

"கிடாரம் வேண்டாம். கிழங்கு அவிக்கிற பானை இருக்கு."

அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தக் கூத்து. பனங்கிழங்கு அவிக்கும் பெரிய மண்பானையை மூன்று கல்லில் ஏற்றி, பனை ஊமலையும் மட்டையையும் வைத்து எரித்து, இலையை அவித்தாள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கிடுகு மறைப்புக்குள் போய் ஒரு குற்றியில் குந்தினாள். அப்போதுதான் தெரிந்தது, தன் முதுகுக்குத் தானே வார்க்க ஏலாது என்று. வேது என்பது பின்னுக்கு ஒரு ஆள் நின்று வார்க்கிறது. முன்னுக்கிருந்து தோளுக்கு மேலால் ஊற்றினால் பாதி தலையில், பாதி நிலத்தில்.

அவள் யோசித்தாள். யோசிக்கிறதே கனகாலத்துக்குப் பிறகுதான். பழைய பிஸ்கற் தகரம் ஒன்றின் அடியில் ஆணியால் துளை போட்டாள். மறைப்புக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக் கொப்பில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். சுடுதண்ணியை அதற்குள் ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் கீழே குந்த, தண்ணி பொழுபொழு என்று முதுகில் விழுந்தது. இரண்டாம் தரமும் ஊற்றினாள். கொப்பு மடக்கென்று முறிந்து, தகரமும் தண்ணியும் தோளில் வந்து விழுந்தன.

சத்தம் கேட்டு ஓடிவந்த பார்வதிப்பிள்ளை மறைப்புக்கு வெளியே நின்றபடி, "முருங்கைக் கொப்பு முறியும் எண்டு சரவணையிலை ஆரும் சொல்லித் தரேல்லையோ?" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு மாதிரி விக்கல் போலச் சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பார்வதிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். இரஞ்சிதம் இலையும் முருங்கைப்பூவும் தலையில் ஒட்டியிருக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழத்தான் செய்தாள். குழறி, வாய்விட்டு. பிள்ளை செத்த அன்றைக்கு அழாத அழுகை. பார்வதிப்பிள்ளைக்குப் பயம் பிடித்துவிட்டது. சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலமை பார்த்தால், மறைப்புக்கு இரு புறமும் இரண்டு பூவரசங் கதிகாலை நட்டுக் குறுக்கே ஒரு பனஞ்சலாகை வைத்துத் தும்புக்கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. தகரம் அதில் தொங்கியது. பக்கத்தில் கொத்திய விறகு ஒரு அடுக்கு. தியாகலிங்கம் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தான்.

குளிப்பு முடிய அவள் சமைத்துச் சாப்பிட்டாள். பிறகு படுத்தாள். பிள்ளைப்பெத்தவள் படுக்கவேண்டும், அதுதான் அவள் வேலை. மீன்காரன் சூசைப்பிள்ளை ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து வருகிறவன். படலையடியில் அவனை மறித்தாள்.

"அண்ணை, பிள்ளைப்பெத்த ஆளுக்குக் குடுக்கிற மீன் ஏதும் கிடக்கோ?"

"விளைமீன் கிடக்கு, தங்கச்சி. ஆருக்குப் பிள்ளை?"

"எனக்கு."

சூசைப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தான். "எப்ப பிறந்தது?"

"போன வருசம் ஆடியிலை."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப பிள்ளை இப்ப நடக்குமே!"

"நடக்காது அண்ணை. பிறக்கேக்கையே உயிர் இல்லை."

சூசைப்பிள்ளை பிறகு வாய் திறக்கவில்லை. விளைமீனோடு இரண்டு ஒரா மீனையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனான். ஆனால் போகிற வழியெல்லாம் வாய் திறந்திருப்பான் போல. அடுத்த கிழமை மீனலோசனி வள்ளக்காரரிடம் சொல்லியனுப்பினாள்: "செத்த பிள்ளைக்கு வேது குளிக்கிறாளாம் எண்டு கேள்விப்பட்டன். நோய் முத்திப்போச்சு. பிள்ளையை இனி அந்தப் பக்கம் விடமாட்டன்."

இதைக் கேட்டுவிட்டுப் பார்வதிப்பிள்ளை மருமகள் முன்னால் வந்து நின்றாள். "கேட்டியே? உன்ரை கூத்தாலை உன்ரை பிள்ளையும் போகப்போகுது. இண்டையோடை நிப்பாட்டு."

"முப்பத்தொண்டு கழியட்டும் மாமி. கழிஞ்சாப்போலை நானே போய்க் கூட்டிவாறன். இப்ப போனால் என்னாலை அந்தப் படி ஏறேலாது."

பார்வதிப்பிள்ளை கோபத்தில் குசினிக்குள் போனாள். அங்கே அடுப்பில் இரஞ்சிதம் காய்ச்சி இறக்கிய சரக்குக்கறி இருந்தது. அகப்பையில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஏனடி, பிள்ளைப்பெத்தவளுக்கு இப்பிடியே கறி காய்ச்சுறது? உப்பு அள்ளிக் கொட்டிக் கிடக்கு. மிளகு அரைபடவே இல்லை. நாய் தின்னுமோ இதை?"

இரஞ்சிதம் குசினி வாசலில் வந்து நின்றாள். "என்ன சொன்னீங்கள் மாமி?"

"உப்புக் கூட எண்டனான்."

"அதுக்கு முந்திச் சொன்னது."

பார்வதிப்பிள்ளை யோசித்துப் பார்த்தாள். தன் வாயால் என்ன வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. கறியை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். அம்மியைக் கழுவி மிளகை வைத்து அரைக்கத் தொடங்கினாள். அரைக்கிற வேகத்தில் அம்மி ஆடியது. "போ, போய்ப் படு. பிள்ளைப்பெத்தவளுக்கு அடுப்படியிலை என்ன வேலை?" என்றாள். அன்றைக்கு மத்தியானம் இரஞ்சிதம் படுத்தவள் பொழுதுபடும்வரை எழும்பவில்லை. உண்மையான நித்திரை, வாய் பிளந்து.

அடுத்த நாள் கிடாரம் முற்றத்துக்கு வந்துவிட்டது. பார்வதிப்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மருமகளின் பின்னால் நின்று வார்த்தாள். வார்த்தபடியே சொன்னாள்:

"நினைப்பூட்டக்கூடாது எண்டுதான் பிள்ளை நான் விட்டனான்."

"நான் மறந்தால்தானே மாமி, நினைப்பூட்டுறதுக்கு."

"ஓம், அதுவும் சரிதான். குனி. இடுப்பிலை வார்க்கவேணும்."

முப்பத்தொன்றும் கழிந்தது. வீடு கழுவித் தலை முழுகிய அன்று பின்னேரம் இரஞ்சிதம் புருசனிடம், "அந்த இடத்தைக் காட்டுங்கோ" என்றாள். எந்த இடம் என்று அவன் கேட்கவில்லை. பனங்காணியின் வடக்கு எல்லையில், வேலியோரம், கொஞ்சம் மேடாய் இருந்தது. புல் முளைத்துவிட்டது.

"நான் முகம் பாக்கேல்லை" என்றாள். "நீங்கள்தான் கையிலை வைச்சிருந்தனீங்கள். சொல்லுங்கோ."

தியாகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "தலைமயிர் நிறைய. கறுகறு எண்டு. கண் மூடிக் கிடந்தது. காது உம்மடை காது. விளிம்பு மடிஞ்சு."

இரஞ்சிதம் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "இதை எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"கேட்டால்தான் சொல்லுவியளோ? பெத்தவளுக்குச் சொல்லவேணும் எண்டு தெரியாதோ?"

"என்னட்டையும் ஆரும் கேக்கேல்லை" என்றான் அவன். குந்தியிருந்து அந்த மேட்டிலிருந்த புல்லை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினான். அவள் பக்கத்தில் குந்தினாள். அவளும் பிடுங்கினாள். பொழுது படுகிறவரை இரண்டு பேரும் அந்த வேலையைச் செய்தார்கள்.

மார்கழிக் கடல் கொந்தளிப்பாய் இருந்தபடியால் இரண்டு மூன்று நாள் வள்ளம் ஓடவில்லை. காற்று விழுந்த அன்று அவள் புருசனோடு ஊர்காவற்றுறையில் போய் இறங்கினாள்.

மீனலோசனி வாசலிலேயே நின்றாள். "வாரும் இரஞ்சிதம். முகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வழியை விடவில்லை. அவள் சேலைக்குப் பின்னால் சவுந்தரி. கொழுத்து, வளர்ந்து, இரட்டைப் பின்னலோடு. தாயைப் பார்த்ததும் சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"மச்சாள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தனான்."

"அவள் வரமாட்டாள். நீரே பாரும். கடலுக்கை இறங்கின பிள்ளையைக் கண்டிட்டு, சோறு கொதிக்குது எண்டு சொன்ன ஆள் நீர். நான் எப்பிடி விடுறது?"

தியாகலிங்கம் தலையைக் குனிந்தான். இரஞ்சிதம் குனியவில்லை. "சொன்னனான்தான். அப்ப எனக்கு ஏலாமல் இருந்தது. இப்ப ஏலும்."

"ஏலும் எண்டு ஆர் சொன்னது? டொக்டரோ?"

"நான் சொல்லுறன்."

"அது போதாது."

"அப்ப நான் இஞ்சை இருக்கிறன். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

புருசனை அனுப்பிவிட்டு அவள் இருந்துவிட்டாள். ஐயாத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விருந்தோ, சண்டையோ?" என்று மனைவியைக் கேட்டுவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டான். இரஞ்சிதம் பிள்ளையைக் கூப்பிடவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. காலமை எழும்பிக் கிணற்றடியில் குளித்தாள், தலையை விரித்து வெயிலில் காயவிட்டாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள், பாயை விரித்துப் படுத்தாள். மீனலோசனி அவளைக் கண் எடுக்காமல் பார்த்தாள். நித்திரை கொள்ளுகிறாளோ, தனியே கதைக்கிறாளோ, அடுப்பில் வைத்ததை மறக்கிறாளோ என்று. தான் பார்க்கப்படுகிறது இரஞ்சிதத்துக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

சவுந்தரிக்குத்தான் பொறுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, "உங்கடை தலைமயிர் ஏன் மணக்குது?" என்று கேட்டாள்.

"நொச்சி இலை போட்டுக் குளிச்சனான்."

"நாறுது."

"ஓம், நாறும். உனக்கு வேண்டாம். தூரப் போ."

பிள்ளை தூரப் போகவில்லை. பக்கத்தில் குந்தி அந்தத் தலைமயிரைப் பிரித்து விளையாடத் தொடங்கினாள்.

பிறகு ஒருநாள் முற்பகல். மீனலோசனி வேண்டுமென்றே பிள்ளையை இரஞ்சிதத்தோடு முற்றத்தில் விட்டுவிட்டு, அறை யன்னலுக்குள் நின்று பார்த்தாள். இரஞ்சிதம் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்த, சவுந்தரி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மீனலோசனி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் முற்றத்தில் வேறொரு சத்தம் எழும்பிவிட்டது.

"எடி சவுந்தரி! எங்கையடி போறாய்? காலை முறிப்பன்! வாடி இஞ்சாலை!"

தெருவால் போன சைக்கிள்காரன் பயத்தில் இறங்கியே விட்டான். முன்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். கத்தி ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம் கிடக்க, இரஞ்சிதம் படலை கடந்து தெருவில் நின்று, பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சவுந்தரி, "விடணை அம்மா, நோகுது!" என்று குழறினாள். அந்த வீட்டுக்கு இரஞ்சிதம் வந்த நாள் தொடக்கம் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

மீனலோசனி யன்னலை விட்டுப் போய்க் கட்டிலில் இருந்தாள். இரஞ்சிதம் உள்ளே வந்து நிலத்தில் குந்தினாள்.

"உமக்குச் சுகம்தான்" என்றாள் மீனலோசனி. "எனக்கு இரண்டு கரைஞ்சது, தெரியுமோ? ஒண்டு நாலாம் மாதம், ஒண்டு ஆறாம் மாதம். அம்மாவுக்கும் சொல்லேல்லை."

"உங்களுக்கு ஆரும் வார்த்ததோ மச்சாள்?"

"வார்க்கிறதாவது."

"நான் வார்த்துவிடட்டோ?"

"வேண்டாம்!" மீனலோசனிக்குக் கண்ணும் மூக்கும் சிவந்துவிட்டன. "உம்மடை கூத்தை என்னட்டைக் கொண்டு வராதையும். எனக்கு அது ஒண்டும் வேண்டாம்."

இரஞ்சிதம் வற்புறுத்தவில்லை. அவளிடமிருந்து ஒருவர் வேண்டாம் என்று சொல்லித் தப்பியது அந்த ஒரு தரந்தான்.

அன்றைக்குப் பின்னேரமே மீனலோசனி அலுமாரியைத் திறந்து பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தியாகலிங்கம் வந்ததும் பெட்டியை அவன் முன்னால் வைத்தாள். "பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள்.

"அனலைதீவிலும் பள்ளிக்கூடம் இருக்கு மச்சாள். லீவு விட்டால் கொண்டுவந்து விடுறன். முழு லீவுக்கும்" என்றாள் இரஞ்சிதம்.

சொன்னபடியே செய்தாள். சவுந்தரி பெரியபிள்ளை ஆகும்வரை ஒரு லீவும் தவறவில்லை. ஆனால் அன்றைக்கு அது மீனலோசனிக்குத் தெரியாதே. துறைமுகத்துக்கு அவள் வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வள்ளம் வெளிக்கிட்ட பிறகுதான் சவுந்தரிக்கு விளங்கியது. "மாமி!" என்று ஒரு கத்தல். பிறகு நிற்கவில்லை. காலை உதறினாள், தாயின் கையைக் கடித்தாள், மாமியிடம் போகவேண்டும் என்று குழறினாள். தியாகலிங்கம் சேட்டுப் பையிலிருந்து தோடம்பழ இனிப்பு ஒன்றை எடுத்து நீட்டினான். "அழாதை குஞ்சு, அழக்கூடாது" என்றான்.

"விடுங்கோ" என்றாள் இரஞ்சிதம். "அழட்டும். ஆசையாய் வளர்த்த ஆளை விட்டிட்டு வாறாள். அழாமல் என்ன செய்யிறது?"

"அக்கா, பிள்ளையின்ரை சத்தத்திலை என்ரை எஞ்சின் ஓடுதோ நிண்டுட்டுதோ எண்டு விளங்கேல்லை" என்றான் வள்ளக்காரன்.

"ஓடுது தம்பி. நீர் முன்னுக்குப் பாத்து ஓட்டும்."

கடல் பாதி கடக்கும்வரை சவுந்தரி அழுதாள். பிறகு விக்கினாள். பிறகு கடைவாயில் எச்சில் வழியத் தாயின் மடியில் சாய்ந்துகொண்டு, அப்பாச்சி வீட்டில் ஆடு நிற்கிறதோ என்று கேட்டாள்.

"நிக்குது. ரண்டு குட்டியும் போட்டிருக்கு."

"கறுப்போ?"

"ஒண்டு கறுப்பு. மற்றது கலப்பு."

"எனக்குப் பசிக்குது."

கரையில் இறங்கி இரஞ்சிதம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளை நல்ல பாரம். மீனலோசனி ஒரு குறையும் வைக்கவில்லை. கொஞ்சத் தூரம் தூக்கிக்கொண்டு நடந்தாள், பிறகு மூச்சு வாங்க இறக்கி நடக்கவிட்டாள்.